காலம் காட்டும் வினையும் கொள்குறி வினாவும்: செஞ்சி வட்டாரக் கல்வெட்டுகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

போட்டித் தேர்வுகளின் பொதுத்தமிழ்ப் பகுதியில், ஒரு வினைச்சொல்லின் காலத்தைத் தேர்ந்தெடுக்கச் செய்யும் வினாக்கள் இடம்பெறுகின்றன. இவ்வினாக்கள் ஒரு சொல்வடிவத்திற்கு ஒரு காலம் என்னும் எண்ணத்தின்மேல் அமைகின்றன. தமிழ் இலக்கண மரபு இவ்வாறு கருதியதா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. செஞ்சி வட்டாரத்துத் தொன்மையான சமணக் கல்வெட்டுகளின் வினைவடிவங்கள், தொல்காப்பியம், நன்னூல் ஆகியவற்றின் விதிகள், 18, 19ஆம் நூற்றாண்டு இலக்கணக் கல்வி, இன்றைய தேர்வு முறை என்னும் வரிசையில் காலப் பாகுபாட்டின் வரலாறு ஆராயப்படுகிறது. மரபிலக்கணம் காலத்தின் வடிவத்தையும் வழக்கையும் தனித்தனியே கூறி இரண்டையும் காத்தது என்பதும், தேர்வு முறை வடிவத்தை மட்டும் எண்ணத்தக்கதாக எடுத்துக்கொண்டது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: காலம் காட்டும் இடைநிலை, காலவழுவமைதி, செய்யும் என்னும் வாய்பாடு, திருநாதர்குன்று, நெகனூர்பட்டி, பொதுத்தமிழ், கொள்குறி வினா

1. முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் வட்டத் தலைநகர்களுள் ஒன்றாகிய செஞ்சி, இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்துக் கட்டப்பட்ட கோட்டையால் அறியப்படுவது. 1677இல் சிவாஜியின் கைக்கு வந்த இக்கோட்டை 1698இல் முகலாயருக்கும், 1750இல் பிரெஞ்சுக்காரருக்கும், 1761இல் ஆங்கிலேயருக்கும் மாறியது. 2025இல் மராத்தியப் படைத்துறை நிலப்பரப்புகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. படையெடுப்புகளின் வரலாறு செஞ்சிக்கு விரிவாக எழுதப்பட்டுள்ளது. அக்கோட்டையைச் சூழ்ந்த பாறைகளில் கோட்டைக்கு நெடுங்காலம் முன்பே பொறிக்கப்பட்ட தமிழ் வாக்கியங்கள், மொழி வரலாற்று நோக்கில் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை.

அவ்வாக்கியங்களை இன்றைய தேர்வு வினாவோடு சேர்த்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பணிகளுக்கான தொகுதி 4 தேர்வில் 200 வினாக்களுள் 100 தமிழுக்கு உரியவை. 2021 டிசம்பரில் வெளியான அரசாணைக்குப் பின்னர், தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு மதிப்பெண் பெறாதவரின் எஞ்சிய விடைகள் மதிப்பிடப்படுவதில்லை. ஒவ்வொரு வினாவும் ஒன்றரை மதிப்பெண் பெறும். பெருந்தொழில் மையங்களாக வளராத செஞ்சி போன்ற ஊர்களில் அரசுப் பணியே நிலையான வாழ்வுக்கு வழியாகக் கருதப்படுவதால், ‘இச்சொல் எக்காலம்’ என்னும் வினா இலக்கண வினாவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அதற்கான விடை எந்த மரபிலிருந்து வருகிறது என்பது அறியப்பட வேண்டியதாகிறது.

2. செஞ்சி வட்டாரத்தின் மூன்று கல்வெட்டுகள்

செஞ்சி வட்டாரம் தமிழ்ச் சமணத்தின் முதன்மையான நிலப்பகுதிகளுள் ஒன்று. தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகிய சினகாஞ்சி மடம் இன்றும் செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரில் இயங்குகிறது. இப்பகுதியின் தொன்மையான எழுத்துச் சான்றுகளும் சமணம் சார்ந்தவையே.

முதலாவது, நெகனூர்பட்டியில் உள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டு. ஐராவதம் மகாதேவன் இதனைக் கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் வைக்கிறார். சேக்கந்தி என்பவரின் தாயாராகிய சேக்கந்தண்ணி அமைத்தளித்த பள்ளியை இது குறிக்கிறது. இதன் வினைவடிவம் ‘செயிவித்த’ என்பது. இரண்டாவது, செஞ்சிக்கு வடக்கே, 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட திருநாதர்குன்றில் உள்ளது. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரனந்தி ஆசிரியரின் நிசீதிகையை அது அறிவிக்கிறது. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிய நிலையைக் காட்டும் சான்றாக இது போற்றப்படுகிறது. இதன் வினைவடிவம் ‘நோற்ற’. மூன்றாவது, பறையன்பட்டுக் கல்வெட்டு. பாணாட்டு வச்சணந்தி ஆசிரியரின் மாணாக்கர் ஆராதன் என்பவரின் நிசீதிகையைக் கூறும் இதில் ‘நோற்று முடித்த’ என்னும் தொடர் வருகிறது.

மூன்றும் ஒரே வாக்கிய அமைப்பைக் கொண்டவை. செயல் நிகழ்ந்து முடிந்ததை இறந்தகாலப் பெயரெச்சம் காட்டுகிறது. வாக்கியம் பள்ளி, நிசீதிகை என்னும் பெயரோடு முடிகிறது. வினைமுற்று எதுவும் இல்லை. நோன்பு இறந்தகாலத்தது. அந்நோன்பின் நினைவாகிய இடமோ படிப்பவர் முன் இப்போது இருப்பது. இறந்தகாலத்தைப் பெயரெச்சம் சுமக்க, நிகழ்காலத்தை வினையற்ற பெயர்ப் பயனிலை சுமக்கிறது. நிகழ்கால இடைநிலையின் துணை இல்லாமலேயே நிகழ்காலப் பொருளைத் தமிழ் உணர்த்தியது என்பதற்கு இம்மூன்றும் தெளிவான சான்றுகள்.

இன்றைய பகுபத உறுப்பிலக்கண முறையில் இவற்றைப் பிரிப்பதில் தடையில்லை. ‘நோற்ற’ என்பதில் நோல் என்னும் பகுதி நோற் எனத் திரிய, ற் இறந்தகால இடைநிலையாகவும் அ பெயரெச்ச விகுதியாகவும் நிற்கும். ‘முடித்த’ என்பதில் முதல் த் சந்தி, அடுத்த த் இறந்தகால இடைநிலை. ஆனால் ‘நோற்று’ என்னும் எச்சத்தில் காலம் எவ்வாறு செயற்படுகிறது என்பது வேறு வகையான வினா. நோற்றல், முடித்தல் என்னும் செயல்களுள் நோற்றல் முற்பட்டது என்பதையே ‘நோற்று’ உணர்த்துகிறது. அது பேசுவோனின் காலத்திற்கு முற்பட்டதா என்பது ‘முடித்த’ என்னும் சொல்லால் தெரியவருகிறது. ‘நோற்று முடிப்பார்’ என்று வாக்கியம் மாறினாலும் ‘நோற்று’ மாறாது. அப்போது நோற்றல் எதிர்காலச் செயலாகிவிடும்.

செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலையைக் கடந்து அமைந்த செங்கம் பகுதியின் நடுகற்களில் ‘பட்டான் கல்’ என்னும் முடிவு திரும்பத் திரும்ப வருவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ‘பட்டான்’ என்பதைத் தனியே கண்டால் இறந்தகால வினைமுற்று. ‘கல்’ என்னும் பெயரோடு சேர்த்துக் கண்டால், பட்டவனைக் குறிக்கும் வினையாலணையும் பெயர். வடிவத்தில் வேறுபாடு சிறிதும் இல்லை. சொல்லின் இலக்கணத்தை வாக்கியமே முடிவு செய்கிறது.

3. நிகழ்காலம் தனி வடிவம் பெற்ற வரலாறு

தொல்காப்பியம் வினையியலில் காலம் மூன்று என்று கூறி இறப்பு, நிகழ்வு, எதிர்வு என அவற்றை வகுக்கிறது. ஆயினும் காலம் காட்டும் இடைநிலைகளைத் தனியே தொகுத்துக் கூறும் நூற்பா அந்நூலில் இல்லை. காலமும் இடமும் பாலும் ஈறுகளின் வழியாகவும் செய்து, செய்யூ, செய்பு, செய்யும் போன்ற வாய்பாடுகளின் வழியாகவும் பேசப்படுகின்றன.

பாட்டும் தொகையுமாகிய சங்க நூல்களின் மொழியில் -கின்று- மிக அரிது. அம்மொழியின் வினை, இறந்தகாலம், இறவாக்காலம் என்னும் இருவகைப் பாகுபாடு உடையது என்று தாமசு லேமன் போன்ற மொழியியலார் கருதுகின்றனர். இறவாக்கால வடிவம் நிகழ்வு, வழக்கமான செயல், எதிர்வு ஆகிய மூன்றுக்கும் பயன்பட்டது. தொல்காப்பியம் மூன்று காலம் என்கையில் பொருளையும், மொழியியலார் இரண்டு என்கையில் வடிவத்தையும் நோக்குகின்றனர் என்று கொண்டால் இரண்டிற்கும் முரண் இல்லை.

பக்தி இலக்கியக் காலத்தில் -கின்று- பெருவழக்காகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீகார்யம் செய்கின்ற’ என்னும் அடைமொழி அலுவலர் ஒருவரின் நடப்புப் பொறுப்பைக் குறிக்க வருகிறது. செஞ்சி வட்டாரத்தின் ‘நோற்ற’ என்பதையும் தஞ்சையின் ‘செய்கின்ற’ என்பதையும் அடுத்தடுத்து வைத்தால், இடைப்பட்ட சில நூற்றாண்டுகளில் நிகழ்காலம் தனக்கென ஒரு வடிவத்தைப் பெற்று ஆவண மொழியிலும் நிலைபெற்றதை உணரலாம். எனினும் அக்கல்வெட்டுகளின் பொருள் வேறு என்பதையும் கருத வேண்டும். இறந்தோரின் நினைவைக் கூறுவதற்கு இறந்தகாலமும், பணியில் உள்ளவரைக் கூறுவதற்கு நிகழ்காலமும் இயல்பாகவே பொருந்துவன. ஆதலின் இவ்வொப்பீடு வடிவத்தின் இருப்பைக் காட்டுமே அன்றி அதன் தோற்ற நாளைக் காட்டாது.

4. நன்னூலின் இரு இடங்கள்

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், காலம் காட்டும் இடைநிலைகளை முறையாகத் தொகுக்கிறது. ட், த், ற், இன் ஆகியவை இறந்தகாலத்திற்கும், ஆநின்று, கின்று, கிறு ஆகியவை நிகழ்காலத்திற்கும், ப், வ் ஆகியவை எதிர்காலத்திற்கும் உரியன. பவணந்தியும் அவர் நூலுக்கு உரைகண்ட மயிலைநாதரும் சமணர். செஞ்சிப் பாறைகளில் எழுதியவர்களோடு அவர்களை நேரடியாக இணைக்கும் சான்று வேண்டுவதில்லை. சமணத் துறவியரின் தமிழ்ப் பயிற்சி நீண்டதொரு மரபு என்பதே இங்குக் கருதத்தக்கது.

நன்னூலின் அமைப்பில் ஒரு செய்தி பெரிதும் உற்றுநோக்கத்தக்கது. காலத்தைப் பற்றிய விதிகள் அந்நூலில் ஒரே இடத்தில் இல்லை. இடைநிலைகள் எழுத்ததிகாரத்தின் பதவியலில் கூறப்படுகின்றன. சொல் எவ்வாறு உறுப்புகளாகப் பிரியும் என்பதே அங்குப் பொருள். அவ்விடத்திலேயே, செய்யும் என்னும் வாய்பாடு நிகழ்வையும் எதிர்வையும் ஏற்கும் என்றும், எதிர்மறை வினை மூன்று காலத்தையும் ஏற்கும் என்றும் பவணந்தியார் குறிப்பிட்டுவிடுகிறார். காலத்தின் வழக்கைப் பற்றிய விதிகள் சொல்லதிகாரத்தின் பொதுவியலில் வருகின்றன. மூன்று காலத்திலும் ஒத்து இயலும் பொருளை நிகழ்காலத்தால் கூறலாம் என்பது ஒன்று. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலம் வேறொரு காலமாகப் பிறழ்ந்து வரலாம் என்பது மற்றொன்று.

இவ்விதிகளின் மூலம் தொல்காப்பிய வினையியலில் உள்ளது. நிகழ்விலும் எதிர்விலும் நடக்கும் செயலை இறந்தகாலத்தால் சொல்வது விரைவுப் பொருளது என்று தொல்காப்பியம் கூறுகிறது. உணவுக்கு அழைக்கப்பட்டவர் எழுவதற்கு முன்பே ‘வந்துவிட்டேன்’ என்பது இவ்விதிக்கு இன்றைய வழக்கு. செய்து என்னும் எச்சத்தின் இறந்தகாலம் எதிர்காலத்தை எய்தவும் இடமுண்டு என்றும் அது கூறுகிறது. மேற்கண்ட ‘நோற்று முடிப்பார்’ என்னும் அமைப்பை விளக்குவது இவ்விதியே. இறப்பும் எதிர்வும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரும் என்றும், ஏனைக் காலமாகிய நிகழ்வு மயங்குதலும் விலக்கப்படாது என்றும் வினையியலின் இறுதிப் பகுதி அமைகிறது.

எனவே மரபிலக்கணத்தில் இரண்டு வினாக்கள் உள்ளன. இச்சொல்லில் உள்ள காலவுறுப்பு எது என்பது ஒன்று. இவ்வாக்கியம் உணர்த்தும் காலம் எது என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கான விடை பெரும்பாலும் ஒன்றே. இரண்டாம் வினாவிற்கான விடை சூழலைப் பொறுத்தது. இலக்கண நூலார் இவ்விரண்டையும் பிரித்து வைத்தமைக்குக் காரணம் ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொள்ளுதல் அன்று. இரண்டும் இரு வேறு அறிவுகள் என்னும் தெளிவே ஆகும்.

5. அச்சும் பள்ளியும் தேர்வும்

இவ்விரு வினாக்களும் பிற்காலத்தில் சமமாகப் பயிலப்படவில்லை. இம்மாற்றத்திற்கு 18ஆம் நூற்றாண்டு முதல் மூன்று படிகளைக் காணலாம்.

முதற்படி, ஐரோப்பியச் சமயத்தொண்டர்கள் தம்மவர் தமிழ் கற்பதற்காக எழுதிய இலக்கணங்கள். சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் ஆல்லே நகரில் இலத்தீன் மொழியில் அச்சாயிற்று. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. வேற்றுமொழியாளர் பேசக் கற்பதற்கு உதவும் இந்நூல்களில் வினை, காலந்தோறும் நிரலாக அடுக்கிக் காட்டப்படுகிறது. இம்முறை கற்போர்க்குப் பெரிதும் பயன்பட்டது. கட்டத்திற்குள் அடங்காத செய்யும் என்னும் வாய்பாட்டிற்கு இத்தகைய நிரலில் இயல்பான இடம் இல்லை என்பது அதன் மறுபக்கம்.

இரண்டாம் படி, 19ஆம் நூற்றாண்டின் பள்ளி இலக்கணம். ஜி.யு. போப் மாணவர்க்கு வினாவிடை அமைப்பில் இலக்கண நூல்களை எழுதினார். ஆறுமுக நாவலர் தம் இலக்கணச் சுருக்கத்தை நன்னூல் வழியில் உரைநடையாக அமைத்து, பகுதிதோறும் தேர்வு வினாக்களைச் சேர்த்தார். இவ்வினாக்கள் விளக்கத்தை வாய்மொழியாகவோ எழுத்திலோ எதிர்பார்ப்பவை. மாணவர் விதியைக் கூறி எடுத்துக்காட்டுத் தர வேண்டும். அவ்விடையில் பிறழ்ச்சிக்கும் இடமிருந்தது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகள் இவ்வகைக் கல்விக்கு ஒரு பொது அளவுகோலை உருவாக்கின.

மூன்றாம் படி, பணியாளர் தேர்வு. 1929இல் சென்னை மாகாணச் சட்டத்தின் வழி பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. மாகாண அளவில் இந்தியாவில் அமைந்த முதல் ஆணையம் அதுவே. அதன் வழித்தோன்றலாகிய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் இன்று கொள்குறி வினாக்களின் வழியாகத் தொகுதி 4 தேர்வை நடத்துகிறது. பல இலட்சம் விடைத்தாள்களைப் பாகுபாடின்றி மதிப்பிட இதனினும் எளிய வழி இல்லை. உலக அளவில் 1964இல் தொடங்கிய டோஃபல் தேர்வும் இதே தேவையால் இவ்வகை வினாக்களைக் கைக்கொண்டது. வாக்கியத்தில் உள்ள காலப்பெயரைக் கண்டு அதற்கேற்ற வினைவடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி இத்தகைய தேர்வுகளோடு பரவியது.

இப்படிகளின் முடிவில், பதவியலின் பொருள் பகுபத உறுப்பிலக்கண வினாவாகவும், வேர்ச்சொல்லிலிருந்து வினைமுற்றும் எச்சமும் ஆக்கும் வினாவாகவும் முழுமையாக வந்து சேர்ந்துள்ளது. பொதுவியலின் பொருள் ‘காலவழுவமைதி’ என்னும் ஒரு பெயராகச் சுருங்கியுள்ளது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல், நாளை நிகழவிருக்கும் ஒரு தலைவரின் வருகையை நிகழ்காலத்தால் கூறும் வாக்கியத்தை எடுத்துக்காட்டி, வருகையின் உறுதி கருதி அதனை ஏற்பதாக விளக்குகிறது. இது நன்னூல் கூறும் தெளிவு என்னும் காரணத்தின் நேரடித் தொடர்ச்சி. பாடநூல் காரணத்தைக் கூறுகிறது. கொள்குறி வினாவோ பெரும்பாலும் பெயரைக் கேட்பதோடு நின்றுவிடக்கூடியது.

6. கொள்குறி வினாவில் காலம்: சில மாதிரிகள்

வடிவமும் வழக்கும் வேறுபடும் இடங்களில் வினா எவ்வாறு இடறக்கூடும் என்பதைக் காட்டுவதற்காகச் சில மாதிரி வாக்கியங்கள் இங்கு அமைக்கப்பட்டுள்ளன. இவை எந்தத் தேர்விலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

முதலாவது, ‘இராசகிரியின் உச்சியில் காற்று வீசும்’ என்பது. ‘வீசும்’ எக்காலம் என்று கேட்டால் பள்ளிப் பயிற்சி ‘எதிர்காலம்’ என்று விடை தரும். நன்னூல் விதிப்படி அது நிகழ்வும் எதிர்வும் ஆகும். எக்காலத்தும் ஒத்து நிகழும் இயற்கையை இத்தகைய பொதுச்சொல்லால் நிகழ்காலத்தில் வைத்துக் கூறுவது தொல்காப்பிய மரபு. ‘மலை நிற்கும்’, ‘யாறு ஒழுகும்’ என உரையாசிரியர்கள் காட்டுவன இவ்வகையின. நான்கு விடைகளுள் ‘நிகழ்காலம்’, ‘எதிர்காலம்’ இரண்டும் தனித்தனியே இருந்தால், நூலறிந்தவர் எதனைக் குறிப்பது என்பது தெளிவாவதில்லை.

இரண்டாவது, ‘அவர் நாளை செஞ்சிக்கு வந்து கல்வெட்டைப் படியெடுப்பார்’ என்பது. ‘வந்து’ என்பது இறந்தகால வினையெச்சம் என்பது வடிவம் பற்றிய சரியான விடை. வந்து சேர்தல் எதிர்காலச் செயல் என்பது பொருள் பற்றிய சரியான விடை. வினா எதனைக் கேட்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் இரண்டு விடைகளும் பொருந்தும்.

மூன்றாவது, ‘அந்நாளில் மாலைதோறும் கோட்டைக்குச் செல்வோம்’ என்பது. காலப்பெயர் இறந்தகாலம், வினை எதிர்கால வடிவம். இறந்தகாலக் காலப்பெயரோடு எதிர்கால வினை சேர்ந்தால் காலவழு என்று பொதுவாகக் கற்பிக்கப்படுகிறது. ஒருமுறை நிகழ்ந்த செயலுக்கு அவ்விதி பொருந்தும். பழக்கமாகத் தொடர்ந்த செயலுக்குப் பொருந்தாது. இயல்பினால் காலம் பிறழும் என்று நன்னூல் கூறுவதற்குள் இவ்வழக்கு அடங்கும். ‘நேற்று’ என்பதற்கும் ‘அந்நாளில் மாலைதோறும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காலப்பெயர்ப் பட்டியல் காட்டாது.

நான்காவது, ‘1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றுகிறார்’ என்பது. வரலாற்று எழுத்திலும் மேடைப் பேச்சிலும் இவ்வழக்கு பரவலாகக் காணப்படுகிறது. ஆண்டு இறந்தகாலத்தது. வினை நிகழ்காலத்தது. நிகழ்காலமும் மயங்குதலை விலக்காத தொல்காப்பிய விதியின்கீழ் இதற்கு இடமுண்டு. பிழைதிருத்தும் வினாவாக இது அமைந்தால், வழு என்பாரும் வழுவமைதி என்பாரும் தத்தமக்கு நூற்சான்று காட்ட இயலும்.

ஐந்தாவது, ‘வாரான்’ போன்ற எதிர்மறை வினை. இதில் கால இடைநிலையே இல்லை. எக்காலத்தது என்பதை வாக்கியமே காட்ட வேண்டும். மூன்று காலத்திற்கும் உரியது என்னும் விடை தெரிவுகளில் இல்லாதபோது வினாவே குறைபட்டதாகிறது.

7. எதிர்வாதமும் அதன் மறுமொழியும்

இவ்வாறு நுணுகுவது தேர்வைத் தளரச்செய்யும் என்று கருதுவோர் உண்டு. அவர்களின் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. உரை நூல்களைக் காணும் வாய்ப்பில்லாத, வீட்டில் முதன்முதலாகக் கல்வி பெறும் ஒருவருக்குத் தெளிவான ஒரு விதி பாதுகாப்பாகிறது. பள்ளிப் பாடநூலைப் படித்தவர் எவரும் விடையளிக்கக்கூடிய வினாவே சமமான வினா. சேனாவரையத்தையும் சங்கர நமச்சிவாயர் உரையையும் துணைக்கொண்டு வாதிடத் தெரிந்தவருக்கு மட்டும் மதிப்பெண் கிடைக்குமாயின் தேர்வின் நோக்கம் கெடும். தேர்வு முடிந்தபின் ஆணையம் உத்தேச விடைகளை வெளியிட்டு, சான்றுகளோடு கூடிய மறுப்புகளைப் பெறுகிறது. அந்த வாயிலும் நூல் வசதி உள்ளவருக்கே எளிதாகத் திறக்கிறது.

ஆனால் இவ்வாதம் நிறுவுவது வினா தெளிவாக இருக்க வேண்டும் என்பதையே. இலக்கணம் சுருக்கப்பட வேண்டும் என்பதை அன்று. மேற்கண்ட ஐந்து மாதிரிகளிலும் குழப்பம் தோன்றுவது, வடிவத்தைக் கேட்கும் வினாவும் பொருளைக் கேட்கும் வினாவும் ஒரே சொற்களால் கேட்கப்படுவதால்தான். ‘இச்சொல்லில் உள்ள காலம் காட்டும் உறுப்பு எது’ என்று கேட்டால் செஞ்சியின் கிராமப் பள்ளியில் படித்தவரும் பல்கலைக்கழகத்தில் படித்தவரும் ஒரே விடையைத் தருவர். ‘இவ்வாக்கியம் உணர்த்தும் காலம் எது’ என்று முழு வாக்கியத்தோடு கேட்டால், தமிழைத் தாய்மொழியாகப் பேசும் எவரும் தம் மொழியறிவைக் கொண்டே விடையளிக்கலாம். இரண்டாம் வகை வினா மனப்பாடத்தைக் குறைத்து மொழியுணர்வை மதிப்பிடுவது. நூல் வசதி குறைந்தவருக்கு அது பாதகமாவதைக் காட்டிலும் துணையாவதே மிகுதி. செய்யும் என்னும் வாய்பாட்டையும் எதிர்மறை வினையையும் பற்றிக் கேட்கும்போது, நன்னூல் கூறும் விடை தெரிவுகளுள் ஒன்றாக இடம்பெற வேண்டும் என்பதும் இதனோடு சேர்த்துக் கருதத்தக்கது.

கொள்குறித் தாளில் 2020 முதல் ‘விடை தெரியவில்லை’ என்னும் ஐந்தாவது தெரிவு சேர்க்கப்பட்டுள்ளது. விடை அறியாதவருக்கு அது உரியது. இரண்டு விடைகளை அறிந்தவருக்கு உரிய வட்டம் தாளில் இல்லை. அவருக்கு வேண்டியது மற்றுமொரு வட்டம் அன்று, திருத்தமாக அமைந்த வினாவே.

8. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

செஞ்சி வட்டாரத்தின் நெகனூர்பட்டி, திருநாதர்குன்று, பறையன்பட்டுக் கல்வெட்டுகள் இறந்தகாலப் பெயரெச்சத்தாலும் பெயர்ப் பயனிலையாலும் அமைந்தவை. நிகழ்கால இடைநிலை இன்றியே நடப்புப் பொருளை உணர்த்தும் ஆற்றல் அக்காலத் தமிழுக்கு இருந்ததை இவை காட்டுகின்றன.

தொல்காப்பியம் காலத்தை வாய்பாடுகளின் வழியும் வழக்கின் வழியும் விளக்கியது. நன்னூல் இடைநிலைகளைத் தொகுத்ததோடு அமையாமல், செய்யும் என்னும் வாய்பாடு, எதிர்மறை வினை, காலப் பிறழ்ச்சி ஆகியவற்றிற்குத் தனி விதிகளையும் தந்தது.

பிற்காலக் கல்வியும் தேர்வும் இடைநிலை விதியை மையமாக்கிக்கொண்டன. வழக்கு பற்றிய விதிகள் ‘காலவழுவமைதி’ என்னும் குறியீடாகச் சுருங்கின.

காலம் பற்றிய தேர்வு வினா, வடிவத்தைக் கேட்கிறதா பொருளைக் கேட்கிறதா என்பதைத் தன் சொற்களிலேயே வெளிப்படுத்துமாயின், மரபிலக்கணத்திற்கும் தேர்வின் சமநிலைக்கும் முரண் எழாது.

திருநாதர்குன்றின் கல்வெட்டைப் பொறித்தவர் இடைநிலை அட்டவணை எதனையும் கற்றிருக்க வேண்டிய தேவை இல்லை. நோன்பு முடிந்தது, நிசீதிகை இருக்கிறது என்னும் இரு காலங்களையும் ஒரு சிறு வாக்கியத்தில் ஐயமின்றி அவர் அமைத்துள்ளார். அவ்வாக்கியத்தைப் படித்து அதன் காலத்தை உணரும் திறனையே பொதுத்தமிழ்த் தேர்வு மதிப்பிட வேண்டும். செஞ்சியின் பள்ளி மாணவர்க்கு அதற்கான பாடம் ஊரின் வடக்குப் பாறையிலேயே எழுதப்பட்டுள்ளது.